சப்ரஸர் மாட்டிய ஏஆர்-15: முகத்தில் அடிக்கும் புகையைக் குறைப்பது எப்படி

ஏஆர்-15 ரைஃபிளின் குழல் முனையில், சத்தத்தைக் குறைக்கிற சப்ரஸரை மாட்டி முதல் நாள் ரேஞ்சுக்குப் போகிறவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். சத்தம் குறைந்த சந்தோஷத்தில் ஒரு மேகசீனை வேகமாகச் சுட்டுத் தீர்ப்பீர்கள், பாதி போகும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், மூக்கில் நவச்சார நெடி ஏறும், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு எண்ணெய்ப் புள்ளிகள் இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. சப்ரஸரில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பினேன். பக்கத்து பெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் சுட்டுப்போட்ட பித்தளைகள் (தோட்டாவின் காலிக் கூடுகள்) எந்தப் பக்கம் விழுந்து கிடக்கின்றன என்று பார்த்துவிட்டு, "சப்ரஸர்ல ஒண்ணும் இல்ல, துப்பாக்கிக்குள்ள கேஸ் அதிகமாப் போகுது" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார். அந்த ஒரு வரி புரிய எனக்கு ஒரு வருடமும் தேவையில்லாத இரண்டு மூன்று பாகங்களும் செலவாயின. உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

அமெரிக்காவில் சட்டப்படி ஏஆர்-15 வைத்திருக்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சப்ரஸருக்குத் தனியாக 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கிற கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் அனுமதி வந்த பிறகுதான் கையில் வாங்க முடியும். அன்றிலிருந்து 200 டாலராக இருந்த வரி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்குப் பூஜ்யம் ஆகிவிட்டது, ஆனால் விண்ணப்பம், கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. 42 மாநிலங்களில் வைத்திருக்கலாம். உங்கள் மாநிலம் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பாகம் வாங்காதீர்கள். ஏஆர்-15இல் குண்டு குழலுக்குள் போகும்போது, வழியில் இருக்கிற ஒரு சின்னத் துளை வழியாக, எரிந்த வெடிமருந்தின் கேஸ் கொஞ்சம் பிரிந்து, மேலே ஓடும் மெல்லிய குழாயில் பின்னோக்கி வந்து, குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியருக்குள் நுழைந்து அதைப் பின்னால் தள்ளுகிறது. யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்த ஏற்பாடு இது. தனியாகப் பிஸ்டன் தண்டு கிடையாது, கேரியரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வேலை முடிந்த கேஸ் கேரியரின் வலப்பக்கத்து இரண்டு துளைகள் வழியாக வெளியே போய்விடும்.

சப்ரஸர் இல்லாதபோது, குண்டு குழலின் வாயை விட்டுப் போனதும் குழலில் இருக்கிற அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுகிறது. போல்ட் திறக்கும் நேரத்தில் உள்ளே பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. சப்ரஸரை மாட்டினால் கேஸ் அங்கேயே கொஞ்ச நேரம் சிக்கிக்கொள்கிறது, அழுத்தம் மெதுவாகத்தான் இறங்குகிறது. அதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, கேஸ் துளை வழியாகக் கூடுதல் கேஸ் போய் கேரியரை வேகமாகத் தள்ளுகிறது, போல்ட் சீக்கிரம் திறக்கிறது. இரண்டு, அப்படிச் சீக்கிரம் திறக்கும்போது குழலுக்குள் இன்னும் அழுத்தம் இருப்பதால் குழலின் வழியாகவே கேஸ் நேராகப் பின்னோக்கி வந்துவிடுகிறது. முகத்துக்கு வரும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியில் வருவதுதான், மேலே ஓடும் குழாயில் வருவது அல்ல. அதனால்தான் பிஸ்டன் ரைஃபிள் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்து வாங்கியவர்களுக்கும் சப்ரஸர் மாட்டியதும் கண் எரிகிறது.

உள்ளே வந்த கேஸுக்கு வெளியே போக மூன்று வழி: பித்தளை வெளியேறும் வலப்பக்க ஜன்னல், மேகசீன் இருக்கிற குழி, அப்புறம் போல்ட்டைக் கையால் பின்னால் இழுக்கிற சார்ஜிங் ஹேண்டிலுக்கும் துப்பாக்கி உடலின் மேல்பாதியான அப்பர் ரிசீவருக்கும் நடுவே உள்ள இடுக்கு. கடைசியில் சொன்னதுதான் உங்கள் மூக்குக்கு இரண்டு மூன்று அங்குலத்தில் இருக்கிறது. இடதுகைக்காரர்களுக்கு ஜன்னலும் முகத்துப் பக்கமே அமைந்துவிடுவதால் பாடு இரண்டு மடங்கு.

ஆக, செய்ய வேண்டியது இரண்டு வேலை: உள்ளே வரும் கேஸைக் குறைப்பது, வந்ததை முகத்தை விட்டு விலக்குவது. பலரும் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலாவதுதான் துப்பாக்கிக்கும் நல்லது.

முதல் படி: இது உண்மையிலேயே சாதாரணப் புகைதானா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, மேகசீனைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சுட்ட பித்தளைகளில் ஒரு இருபதைப் பொறுக்கி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் நடுவில் இருக்கிற, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஓட்டை விழுந்திருக்கிறதா, அதைச் சுற்றிக் கறுப்புக் கசிவு இருக்கிறதா, பித்தளையின் உடம்பில் விரிசலோ, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் சுடுவதை அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். .223 ரெமிங்டன் தோட்டாவின் அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை போகும். பித்தளை கிழிந்தால் அந்த அழுத்தம் உங்கள் முகத்துக்கு அருகே வெளிப்படும், அதை எந்தப் பாகத்தை மாற்றியும் சரிசெய்ய முடியாது. பல வருடமாகப் புகையே வராத துப்பாக்கியில் திடீரென்று ஒருநாள் முகத்தில் அடித்தாலும் இதே சோதனைதான்.

பித்தளையின் விளிம்பு மட்டும் கொக்கி பிடித்து இழுத்ததுபோல் வளைந்திருந்தால் அது வேறு கதை. போல்ட் அவசரமாகத் திறக்கிறது, பித்தளை சேம்பர் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போல்ட்டில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதைப் பிடுங்குகிறது. கேஸ் அதிகம் என்பதற்கு நல்ல அடையாளம்.

இன்னொரு அடையாளம் பித்தளை விழும் திசை. குழல் பார்க்கிற திசையைக் கடிகாரத்தில் 12 என்று வைத்துக்கொண்டால், வலப்பக்கம் 3. பித்தளை 1, 2 மணிப் பக்கம் முன்னால் பறந்தால் கேரியர் ஓடுகிற வேகம் அதிகம். 3இலிருந்து நாலரைக்குள் விழுந்தால் நல்லது. இது துல்லியமான அளவுகோல் கிடையாது, பித்தளையை வெளியே தள்ளுகிற எஜெக்டரின் ஸ்பிரிங் மாறினால் திசையும் மாறும். ஆனால் சப்ரஸர் இல்லாமல் ஒரு பத்து, மாட்டி ஒரு பத்து சுட்டு, இரண்டு குவியலும் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: காசு செலவில்லாதவை

கண்ணாடியில் தெறிப்பதில் பாதி எண்ணெய். புதிதாக வாங்கியவர்கள் கேரியரைக் குளிப்பாட்டி எடுத்து வருவார்கள், முதல் மேகசீனிலேயே அது அத்தனையும் பொடியாகி முகத்துக்கு வரும். போல்ட்டிலும், அதைச் சுழற்றுகிற கேம் பின்னிலும், கேரியர் உரசி ஓடுகிற நான்கு பட்டைகளிலும் எண்ணெய் இருக்கட்டும், மற்ற இடங்களைத் துணியால் துடைத்துவிடுங்கள். கேரியரின் தலையில், கேஸ் குழாயோடு இணைகிற கேஸ் கீ துவாரத்துக்குள்ளும் சேம்பருக்குள்ளும் எண்ணெய் இருக்கவே கூடாது. அதற்காக வறட்சியாகவும் ஓட்டாதீர்கள், சப்ரஸரோடு சுடும்போது கரி சீக்கிரம் படிந்து போல்ட் இறுகிக்கொள்ளும்.

கழற்றிய கையோடு கேஸ் வளையங்களையும் பார்த்துவிடுங்கள். போல்ட்டின் பின்பக்கம் மோதிரம் மாதிரி மூன்று இருக்கும். போல்ட்டை முன்னால் இழுத்து நீட்டி, போல்ட் முகம் மேசையில் படும்படி கேரியரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அப்படியே நின்றால் வளையங்கள் நன்றாக இருக்கின்றன. கேரியர் தன் எடையிலேயே சரசரவென்று கீழே இறங்கினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன, சில டாலரில் மாற்றிவிடலாம். கேஸ் கீயை விரலால் ஆட்டிப் பாருங்கள், இம்மிகூட அசையக் கூடாது, அதன் இரண்டு திருகுகளையும் உலோகம் கடித்துப் பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. எதிர்க்காற்றில் சுட்டால் எந்தத் துப்பாக்கியும் முகத்தில் ஊதும், முடிந்தால் காற்று முதுகிலோ பக்கவாட்டிலோ படுகிற பெஞ்சைக் கேளுங்கள். உள்ளரங்க ரேஞ்ச் என்றால் காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து இலக்கை நோக்கிப் போகிறதா என்று கவனியுங்கள். நின்ற இடத்திலேயே புகை தேங்கினால் அந்த ரேஞ்சில் சப்ரஸரோடு சுட வேண்டாம். தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள். வெடிமருந்துக்கு வெடிமருந்து புகையும் எரிச்சலும் வேறுபடும். இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மொத்தமாக வாங்குங்கள்.

மூன்றாம் படி: இடுக்கை அடைப்பது

சார்ஜிங் ஹேண்டில் இடுக்கை அடைக்க இரண்டு வழி உண்டு. கடையில் இதற்கென்றே செய்த ஹேண்டில் கிடைக்கிறது: பிஆர்ஐ நிறுவனத்தின் கேஸ் பஸ்டர், ரேடியன் ராப்டர்-எஸ்டி, கைஸலி சூப்பர் சார்ஜிங் ஹேண்டில் எல்லாம் இந்த வகை. சிலவற்றில் பின்னால் ஒரு விளிம்பு உயர்ந்து நின்று கேஸைத் திருப்பிவிடும், ராப்டர்-எஸ்டியில் பக்கவாட்டில் துளை போட்டுக் கேஸை வெளியே விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழி, கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஆர்டிவி சிலிகான், எஞ்சின் கேஸ்கெட்டுக்குப் போடுகிற அதே பசை. நான் முதலில் செய்தது இதுதான், இன்றும் ஒரு துப்பாக்கியில் இருக்கிறது. ஹேண்டிலைக் கழற்றி ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். 'டி' வடிவத் தலையின் முன்பக்கம், அதாவது ஹேண்டிலை மூடும்போது அப்பர் ரிசீவரின் பின்விளிம்பில் போய் ஒட்டுகிற அந்தப் படிக்கட்டு மூலையில், பற்பசை பிதுக்குவது போல ஒரே சீரான கோடாகப் போடுங்கள். ஹேண்டிலைப் பூட்டுகிற லாட்ச்சிலும் அதன் ஸ்பிரிங்கிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. ஒரு முழு நாள் காய விடுங்கள். பிறகு மாட்டிப் பாருங்கள், லாட்ச் 'க்ளிக்' என்று விழவில்லை என்றால் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள். அவசரப்பட்டு மொத்தமாக வெட்டிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சரியாக அமைந்தால் மூடும்போது கார்க் மூடி போல மெத்தென்று உட்காரும், அதன் பிறகு மூக்குக்கு நேராக வந்த புகை நன்றாகவே குறையும்.

ஜன்னல் வழியாக வருவதை இது தடுக்காது. இடதுகைக்காரர்கள் இந்தப் படியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: பஃபர்

கேரியர் பின்னால் வரும்போது பின்கட்டைக் குழாய்க்குள் எதிர்த்து நிற்கிற எடைக்குத்தான் பஃபர் என்று பெயர். சாதாரணக் கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ். உள்ளே இருக்கிற மூன்று இரும்புத் துண்டுகளில் ஒன்றை டங்ஸ்டனாக மாற்றினால் எச், இரண்டை மாற்றினால் எச்2, மூன்றையும் மாற்றினால் எச்3. எடை முறையே சுமார் 3.8, 4.6, 5.4 அவுன்ஸ் என்று ஏறும். எடை கூடினால் கேரியர் நகரத் தொடங்குவது துளி தாமதமாகும், வேகமும் குறையும்.

16 அங்குலக் குழல் என்றால் எச்2வில் தொடங்குங்கள். மாற்றுவது ஐந்து நிமிட வேலை, கருவி தேவையில்லை. ஆனால் பஃபரால் மட்டும் புகை போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உதை சீராவதற்கும் பாகங்கள் அடிபடாமல் இருப்பதற்கும்தான் அதிகம் உதவும், முகத்துக்கு வருவதில் கொஞ்சம்தான் குறையும். கேஸ் துளை வழியாக வருகிற கேஸின் அளவை அது மாற்றுவதில்லை.

ஐந்தாம் படி: கேஸ் பிளாக்

எனக்கு உண்மையான நிவாரணம் கிடைத்தது இங்கேதான். பல நிறுவனங்கள் கேஸ் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகவே போட்டு அனுப்புகின்றன, ஏனென்றால் மலிவான பலவீனத் தோட்டாவைப் போட்டு, எண்ணெயே காணாத துப்பாக்கியை யாராவது குளிர்காலத்தில் சுட்டாலும் அது இயங்க வேண்டும், இல்லாவிட்டால் புகார் வரும். அதிலும் கார்பைன் நீளக் கேஸ் அமைப்பில் துளை சேம்பரிலிருந்து ஏழெட்டு அங்குலத்திலேயே இருப்பதால் அழுத்தமும் அதிகம். மிட்-லெங்த்தில் ஒன்பது பத்து அங்குலம், ரைஃபிள் நீளத்தில் பன்னிரண்டுக்கு மேல். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 16 அங்குலத்துக்கு மிட்-லெங்த் வாங்குங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் திருகி அளவை மாற்றுகிற கேஸ் பிளாக் (குழலின் துளைமேல் உட்கார்ந்து கேஸைக் குழாய்க்குத் திருப்புகிற பாகம்) போடலாம். இரண்டு வகை: கேஸ் போகிற வழியைக் குறுக்குவது ஒன்று, எஸ்எல்ஆர் சென்ட்ரி போல. மிகுதியை வெளியே விட்டுவிடுவது இன்னொன்று, சூப்பர்லேட்டிவ் ஆர்ம்ஸின் பிளாக் அப்படிச் செய்யும். எதுவானாலும் மாட்டுவதற்குக் குழலைச் சுற்றியிருக்கிற ஹேண்ட்கார்டையும் குழலின் வாயில் இருப்பதையும் கழற்ற வேண்டும், பிளாக்கின் ஓட்டையும் குழலின் துளையும் நேருக்கு நேர் உட்கார வேண்டும், கேஸ் குழாயைப் பிடித்திருக்கும் ஊசி போன்ற பின்னை வளைக்காமல் தட்டி எடுக்க வேண்டும். முதல் தடவை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வாயில் சப்ரஸரைப் பிடித்திருக்கிற மவுண்ட் கோணலாகத் திரும்ப மாட்டப்பட்டால் அடுத்த குண்டு சப்ரஸரைத் துளைத்துக்கொண்டு போகலாம், அதனால் எப்போது கழற்றி மாட்டினாலும் சுடும் முன் அலைன்மென்ட் கம்பியைக் குழலுக்குள் விட்டு, சப்ரஸரின் வாயில் அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அளவு வைக்கிற முறை ரேஞ்சில் செய்ய வேண்டியது. குறுக்குகிற வகைக்கு இப்படி: சப்ரஸரை மாட்டி, திருகை முழுக்க மூடிவிடுங்கள். மேகசீனில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். சுடுங்கள். கேஸ் போகாததால் கேரியர் நகராது, கையால் இழுத்துப் பித்தளையை எடுக்க வேண்டியிருக்கும். காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஒரு கிளிக் திறங்கள், மறுபடி ஒரு தோட்டா, மறுபடி சுடுங்கள். சில கிளிக்குகளில் பித்தளை பாதி வெளியே வந்து சிக்கும், அடுத்த கிளிக்கில் வெளியே விழும் ஆனால் போல்ட் பின்னால் நிற்காது, இன்னொரு கிளிக்கில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் 'டக்' என்று பின்னால் பூட்டி நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நிலையில் ஐந்து தடவை ஒற்றைத் தோட்டாவாகச் சுடுங்கள், ஐந்திலும் நிற்க வேண்டும். பிறகு ஒன்றோ இரண்டோ கிளிக் கூடுதலாகத் திறந்து விட்டுவிடுங்கள். அழுக்குக்கும் குளிருக்கும் பலவீனத் தோட்டாவுக்கும் அந்த இரண்டு கிளிக் வேண்டும். இந்தச் சோதனையை உங்களிடம் இருப்பதிலேயே பலவீனமான தோட்டாவால் செய்வது நல்லது, ஜனவரியில் ஒருமுறை திரும்பச் செய்து பார்ப்பது இன்னும் நல்லது.

சப்ரஸரைக் கழற்றிவிட்டுச் சுட்டால் இந்த அளவு போதாமல் போகலாம். அதற்கு வேறு எண் கண்டுபிடித்து, இரண்டையும் மேகசீன் பையிலோ துப்பாக்கிப் பெட்டியின் மூடியிலோ எழுதி ஒட்டிவையுங்கள். வீட்டைக் காக்க வைத்திருக்கிற துப்பாக்கி என்றால் புகை கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை, தாராளமாகத் திறந்தே வையுங்கள். கரி பிடித்துத் திருகு இறுகிவிடாமல் இருக்க, துடைக்கும்போதெல்லாம் அதை முழுக்க மூடித் திறந்து, குறித்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவது குழல் வழியாகத் திரும்பி வருகிற கேஸ். அதைக் குறைக்கச் சப்ரஸரே வேறு மாதிரி இருக்க வேண்டும். கேஸைத் தடுத்து நிறுத்தாமல் சுற்றுவழியில் முன்னோக்கியே வெளியேற்றுகிற வகை இப்போது நிறைய வந்துவிட்டது. முன்பு ஓஎஸ்எஸ் என்றிருந்த ஹக்ஸ்வர்க்ஸ் இதற்குப் பெயர் பெற்றது, ஷூர்ஃபயரின் ஆர்சி3யும் பின்னழுத்தத்தைக் குறைத்து வந்ததுதான். அமெரிக்க ராணுவம் 2022 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த சிக் சாவர் ரைஃபிள் சப்ரஸரோடுதான் வீரர்களுக்குப் போகிறது, அந்தச் சப்ரஸரின் வடிவமைப்பில் வீரரின் முகத்துக்கு வரும் நச்சுப்புகையைக் குறைப்பது ஒரு முக்கிய நோக்கம். இந்த வகையில் சிலவற்றில் வாய்ப்பக்கம் சத்தமும் தீப்பொறியும் சற்று அதிகமாக இருக்கும். இன்னும் சப்ரஸரே வாங்காதவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இங்கேயே தொடங்குங்கள், மேலே சொன்ன பாதி வேலை உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் கையால் திறக்கும்வரை மூடியே இருக்கிறது, அதற்குள் அழுத்தம் அடங்கிவிடுகிறது.

முகத்துக்கும் வீட்டுக்கும்

எரிச்சல் ஒரு மணி நேரத்தில் போய்விடும், ஈயம் போகாது. பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது, பல குண்டுகளின் அடிப்பகுதியில் ஈயம் திறந்தே இருக்கிறது. முகத்தில் அடிக்கிற புகையில் இதுவும் சேர்ந்துதான் வருகிறது, அதைத்தான் மூச்சில் இழுக்கிறோம். வாராவாரம் சுடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

ஏஎன்எஸ்ஐ இசட்87.1 முத்திரை உள்ள, பக்கவாட்டிலும் புருவத்திலும் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டி நிற்கிற கண்ணாடியே போடுங்கள். பவர் கண்ணாடி மட்டும் போதாது, மேலிருந்து வருகிற துகள் நேராக உள்ளே விழும். சுட்டு முடித்ததும் எதையும் சாப்பிடுவதற்கு முன், தண்ணீர் பாட்டிலைத் தொடுவதற்கும் முன், கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாடி வைத்திருப்பவர்கள் தாடியையும் சேர்த்துக் கழுவுங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப்போன செருப்பையோ ஷூவையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால், குளித்து முடித்த பிறகு தூக்குங்கள்.